பல் இருந்த பத்திரம்

நம் ஊரில் தோட்டத் தமிழர் வரலாற்றுக்கென ஒரு காட்சியறை அமைக்க முன்வந்திருக்கும் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், மலேசியாவின் நிபோங் திபாலில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

சென்ற மாதம் பொது மண்டபத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். காட்சியறையில் வைக்கப்போகும் விளக்கப் பலகைகளின் வாசகங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஊராரின் கருத்தைக் கேட்டீர்கள். அந்தப் பண்பை மனமார மதிக்கிறேன். இரண்டாம் பலகையின் வாசகம் வந்தபோது நடந்த ஒன்றைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். “இண்டென்ச்சர் என்றால் ஒப்பந்தம். நம் முன்னோர் அனைவரும் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டே மலாயாவுக்கு வந்தார்கள்” என்று செயலாளர் படித்து முடித்ததும், படிவம் மூன்றில் படிக்கும் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, எங்கள் பாட்டி இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கிற டென்ச்சருக்கும் இந்த இண்டென்ச்சருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?” என்று கேட்டாள். மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாம் மூன்றாம் பலகைக்குப் போய்விட்டோம்.

அவள் கேட்டது சரியான கேள்வி. சம்பந்தம் உண்டு. பொய்ப்பல்லுக்குப் பெயர் தந்த அதே வேர்தான் நம்மவரைக் கப்பலேற்றிய பத்திரத்துக்கும் பெயர் தந்தது. அன்றே எழுந்து அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது என் தவறு. அதைச் சரிசெய்யும் கடமை எனக்கு இருக்கிறது. பலகையின் வாசகம் அச்சேறினால் பல ஆண்டுகள் அங்கேயே நிற்கும் என்பதால், அந்தச் சொல்லின் பிறப்பைச் சற்று விரிவாகவே உங்கள் முன் வைக்க அனுமதி கேட்கிறேன்.

இலத்தீன் மொழியில் பல்லுக்கு டென்ஸ் என்று பெயர்; வேற்றுமை உருபேற்கும்போது அது டென்டிஸ் என்று ஆகும். பல் மருத்துவரைக் குறிக்கும் டென்டிஸ்ட், பொய்ப்பல்லைக் குறிக்கும் டென்ச்சர், மூன்று பல் கொண்ட ஈட்டியைக் குறிக்கும் டிரைடென்ட் ஆகிய ஆங்கிலச் சொற்களெல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதத்தின் தந்த என்ற சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கிருந்துதான் யானையின் தந்தம் என்ற சொல் நமக்கு வந்தது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில், மரத்தடியில் நாம் கும்பிட்ட பிள்ளையாருக்கு ஏகதந்தன் என்று ஒரு பெயர் உண்டல்லவா? அந்தப் பெயரின் நடுவில் இருக்கும் பல்லும் இண்டென்ச்சரின் நடுவில் இருக்கும் பல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ஒலியை நம்பினால் ஏமாறுவோம் என்பதற்கு இந்தச் சொல்லின் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கார் எங்காவது இடித்துத் தகரம் உள்வாங்கினால் டென்ட் விழுந்துவிட்டது என்கிறோம். அந்த டென்ட்டுக்கும் பல்லுக்கும் பிறப்பால் உறவில்லை. அது அடி, வெட்டு என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. பிற்காலத்தில்தான் ஒலி நெருக்கத்தால் பல் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த மாணவியின் ஊகத்தை அகராதிகள் உறுதிசெய்கின்றன என்பதைப் பார்த்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

பத்திரத்துக்குப் பல் எப்படி வந்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. இடைக்கால இங்கிலாந்தில் இருவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தால், பதப்படுத்திய ஆட்டுத்தோல் தாள் ஒன்றை எடுத்து, உடன்பாட்டின் முழு வாசகத்தையும் அதே தாளில் இரண்டு முறை எழுதுவார்கள். இரண்டு படிகளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் பெரிய எழுத்தில் ஒரு சொல்லை எழுதுவார்கள். பிறகு அந்தச் சொல்லின் குறுக்கே கத்தியை ஓட்டித் தாளை இரண்டாக்குவார்கள். நேர்கோட்டில் வெட்டினால் வேறொருவன் அதேபோல் வெட்டி ஏமாற்றிவிடலாம் என்பதால், அலை அலையாகவோ இரம்பப் பல்லைப் போலவோ கோணலாக வெட்டுவார்கள். ஆளுக்கொரு பாதி. பின்னாளில் வழக்கு என்று வந்தால் இரண்டு பாதிகளையும் சபையில் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தி, வெட்டுண்ட சொல்லின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கூடினால் பத்திரம் மெய். கூடாவிட்டால் யாரோ கள்ள ஓலை கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். பல் பல்லாக வெட்டுவதை இடைக்கால இலத்தீனில் இண்டென்டாரே என்றார்கள். அது பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து இண்டென்ச்சர் ஆயிற்று. வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் 1766-இல் வெளியான தம் சட்ட விளக்கத்தின் இரண்டாம் தொகுதியில், ஒரே தாளில் எழுதி எழுத்துகளின் ஊடே வெட்டிப் பிரித்த இந்தப் பழைய வழக்கத்தை விளக்கியிருக்கிறார்.

நடுவில் எழுதி வெட்டிய அந்தச் சொல் எது தெரியுமா? பெரும்பாலும் அது கைரோகிராபும் என்ற சொல்லாகவே இருந்தது. கிரேக்கத்தில் கெய்ர் என்றால் கை. கிராபெய்ன் என்றால் எழுதுதல். இரண்டும் சேர்ந்த கெய்ரோகிராபோன் என்ற சொல், ஒருவர் தம் கைப்பட எழுதிக்கொடுத்த கடன் சீட்டைக் குறித்தது. விவிலியத்தில், கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் கிரேக்க மூலத்திலும் இச்சொல் இருக்கிறது. (கையால் வேலை செய்கிறவர் என்ற கிரேக்கச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தின் சர்ஜன் ஆனது என்பதையும் அந்த மாணவிக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.) இலத்தீன் அச்சொல்லை எடுத்துக்கொண்டது, ஆங்கிலத்தில் அது கைரோகிராப் என்ற அரிய சொல்லாக, பழைய பத்திரங்களை ஆராய்கிறவர்களிடம் மட்டும் இன்றும் வாழ்கிறது.

அந்தச் சொல்லை முதன்முதலில் அகராதியில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கை, எழுத்து. நம்முடைய கையெழுத்து அதேதான்! யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்கவில்லை. எழுதியவரின் கைதான் பத்திரத்துக்குச் சாட்சி என்று இரண்டு நாகரிகங்கள் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன. நம்மிடம் இந்த வரிசையில் கைச்சாத்து இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால், சாட்சியிட்டவர்களின் பெயர்களுக்குப் பின்னால் ‘எழுத்து’ என்றும் ‘இவை என் எழுத்து’ என்றும் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் நம் தோட்டத்துக் கோயில்களில் சொற்பொழிவு கேட்டு வளர்ந்த எவருக்கும் சுந்தரர் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. திருமணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை என்று சொல்லி ஓலையைக் காட்டுகிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது; சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை மெய்யென்று சபையார் தீர்ப்புச் சொல்கிறார்கள். பெரியபுராணம் சொல்லும் அந்த ஓலையின் வாசகத்தில், எழுதியவர் தம்மை மட்டும் கட்டிக்கொள்ளவில்லை; தமக்குப் பின் வரும் மரபினரையும் சேர்த்துத் தொண்டுக்கு எழுதிக்கொடுக்கிறார். பக்தியோடு கேட்கவேண்டிய அக்கதையைக் காட்சியறைப் பலகையோடு கலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படி ஒன்று, மூலம் ஒன்று, இரண்டையும் வைத்துப் பார்க்க ஒரு சபை என்ற முறை நம்மவருக்குப் புதியதன்று என்பதற்காகவே எடுத்துக்காட்டினேன்.

முறி என்ற தமிழ்ச் சொல்லையும் கவனியுங்கள். ஒடிந்த துண்டு என்றும் அதற்குப் பொருள். எழுதிக்கொடுத்த பத்திரம் என்றும் பொருள். இலங்கைத் தமிழர் அரசாங்கக் கடன் பத்திரத்தை இன்றும் திறைசேரி முறி என்றே எழுதுகிறார்கள். ஓலையில் வெட்டியெடுத்த துண்டில் எழுதியதற்கு நறுக்கு என்று பெயர்.

இனி என் தொழிலோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்ட ஆபீசில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் என் மேசையில் செக்ரோல் என்ற ஆள்வருகைப் பதிவேட்டுக்கு அடுத்தபடியாக எப்போதும் இருந்தது இண்டென்ட் புத்தகம். ரப்பர்ப் பால்வெட்டுக் கத்தி வேண்டுமா, பால் பிடிக்கும் மங்கு வேண்டுமா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பால்மாவு வேண்டுமா, எதுவானாலும் இண்டென்ட் எழுதி ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவிலும் மலாயாவிலும் ஆங்கிலேயர் நடத்திய அலுவலகங்களில் பொருள் கேட்டு எழுதும் சீட்டுக்கு இப்பெயர் வழங்கிற்று. அதுவும் இதே பல்தான். சீட்டின் நடுவே வரிசையாகத் துளைகள் இருக்கும். அந்த வரிசையில் மடித்துக் கிழித்தால் ஓரம் பொடிப் பொடிப் பல்லாக வரும். மேல்பகுதி ஸ்டோருக்குப் போகும். அடிக்கட்டை புத்தகத்திலேயே நிற்கும். கணக்கில் சந்தேகம் வந்தால் பெரிய கிராணி இரண்டையும் ஒட்டவைத்துப் பார்ப்பார். ஆயிரக்கணக்கான தடவை அந்தச் சீட்டைக் கிழித்திருக்கிறேன்; விரல் நுனியில் பட்ட அந்தப் பல்லுக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள உறவு ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

அடிக்கட்டை என்ற சொல்லுக்கும் ஒரு பழைய துணை உண்டு. இங்கிலாந்தில் நிலம் பற்றிய வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் செய்துகொண்ட உடன்பாட்டை ஒரே தாளில் மூன்று முறை எழுதும் வழக்கம் 1195-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கியது. இரு தரப்பாருக்கும் ஒவ்வொரு பாதி. தாளின் அடியில் எழுதிய மூன்றாம் படி அரசாங்கக் கருவூலத்துக்கு. அந்த மூன்றாம் படிக்குப் பாதம் என்று பெயர். நாம் அடி என்று சொல்வதை அவர்களும் அடி என்றே சொல்லியிருக்கிறார்கள். இருவரும் தங்கள் பாதியைத் தொலைத்துவிட்டாலும், ஒருவர் பாதியை மற்றவர் பறித்துக்கொண்டாலும், பொதுவான ஓரிடத்தில் ஒரு படி கிடக்கும் என்பதே அதன் பயன். ஒரு பத்திரத்தின் நேர்மை எதில் இருக்கிறது என்பதை அந்த மூன்றாம் படி எனக்குக் கற்றுக்கொடுத்தது: யார் கையில் என்ன இருக்கிறது என்பதில்.

ஆங்கிலச் சட்டத்தில் இண்டென்ச்சருக்கு எதிர்ப்பதமாக இன்னொரு பத்திரம் உண்டு. அதற்கு டீட் போல் என்று பெயர். பெயர் மாற்றும்போது வழக்கறிஞரிடம் போய்ச் செய்துகொள்கிறார்களே, அதேதான். போல் என்பது மயிரை ஒட்ட வெட்டுவதைக் குறித்த சொல். ஓரத்தில் பல் இல்லாமல் மழித்தாற்போல் நேராக வெட்டிய தாள் என்பதால் அப்பெயர். பல் ஏன் இல்லை என்றால், பொருந்திப் பார்க்க எதிரில் இன்னொரு பாதி இல்லை. ஒருவர் மட்டும் தம்மைக் கட்டிக்கொண்டு எழுதிக்கொடுப்பது அது. இரண்டு பேர் கட்டுப்பட்டால் பல். ஒருவர் மட்டும் கட்டுப்பட்டால் மழிப்பு. சட்டம் படித்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தியாக இருக்கலாம். எனக்கு அது இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏனென்றால் அந்த இண்டென்ச்சரின் பல் எப்போது விழுந்தது என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. 1845-இல் இங்கிலாந்தில் இயற்றிய நிலச் சொத்துச் சட்டம், ஒரு பத்திரம் இண்டென்ச்சர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் போதும், ஓரத்தைப் பல்லாக வெட்டாவிட்டாலும் அது இண்டென்ச்சராகவே செல்லும் என்று விதித்தது. வெட்டும் வழக்கம் அதற்கு முன்னரே தேய்ந்து வந்திருந்தது. சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அதே 1845-இல்தான் மே 30 அன்று பத்தேல் ரசாக் என்ற கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் தொகுதியோடு டிரினிடாட் தீவை அடைந்தது. இரண்டுக்கும் காரண காரிய உறவு எதுவும் இல்லை. ஒரே ஆண்டில் நடந்தவை, அவ்வளவுதான். ஆனால் நம்மவரின் வாழ்க்கைக்குள் இண்டென்ச்சர் என்ற சொல் நுழைந்த காலத்தில், அந்தச் சொல்லில் இருந்த பல் தாளில் தேவைப்படாத ஒன்றாகிவிட்டது என்பதை ஒரு சொல்வரலாற்றுச் செய்தியாகப் பலகை சொல்லலாம், சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு இது வெளியூர்ச் செய்தியன்று. இன்று செம்பனை நிற்கிற இந்தச் செபராங் பிறை மண்ணில் அதற்கு முன் ரப்பர் நின்றது. அதற்கும் முன் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்பு நின்றது. இங்கும் பக்கத்துக் கிரியானிலும் இருந்த அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறி வந்தார்கள். வேலையை விட்டுப் போவது அவர்களுக்குச் சம்பளக் குறைவோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை. சிறைக்குப் போகும் குற்றமாக இருந்தது. இரு தரப்பும் மனம் ஒத்துச் செய்துகொண்ட உடன்பாட்டில் ஒரு தரப்புக்கு மட்டும் சிறை என்றால், அதை ஒப்பந்தம் என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைப்பது நியாயமாகுமா என்று உங்களைக் கேட்கிறேன். ஒப்பந்தம் என்ற சொல்லுக்குள் இருப்பது ஒப்பு. ஒத்திருத்தல், சமமாயிருத்தல், ஒப்புக்கொள்ளுதல் எல்லாம் அதில் அடங்கும். நல்ல சொல், ஆனால் இந்த இடத்தில் அது இல்லாத சமத்தை இருந்ததாகக் காட்டிவிடுகிறது.

இரண்டாம் பலகையின் இரண்டாம் வாக்கியத்துக்கும் வருகிறேன். நம் முன்னோர் அனைவரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்பது தவறு. மலாயாவுக்கு இம்முறையில் ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்திலிருந்து கங்காணி தன் ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் உறவையும் அக்கம்பக்கத்தையும் அழைத்துவந்த முறை அது. 1907-இல் இயற்றிய சட்டத்தால் உருவான தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் தொகை திரட்டித் தொழிலாளர்களின் கப்பல் செலவை ஏற்றது. 1938-இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதைத் தடைசெய்யும் வரையில் நம்மவரில் பெரும்பாலோர் இந்த வழியாகவே வந்தார்கள். சொந்தச் செலவில் தாமாக வந்தவர்களும் உண்டு. என் பாட்டனார் ரஜூலா கப்பலில் வந்தவர். அந்தக் கப்பலே 1926-இல்தான் கடலில் இறங்கியது. அவரை இண்டென்ச்சர் தொழிலாளி என்று பலகை சொன்னால், அவர் படாத ஒன்றைப் பட்டதாகவும், பட்ட வேறொன்றைப் படாததாகவும் ஆகிவிடும். கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் செக்ரோலில் விழாமல் போன பேரும் அவருடைய கதை. அதற்குத் தனிப் பலகை வேண்டும்.

என் சிறுவயதில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. ‘அவர்கள் சஞ்சியில் வந்தவர்கள்’ என்றும் ‘இவர்கள் கங்காணியோடு வந்தவர்கள்’ என்றும் பிரித்தே பேசுவார்கள். ஒப்பந்தக் கூலி முறையைக் குறித்த சஞ்சி, சஞ்சிக்கூலி என்ற அச்சொற்களைப் பலகையில் ஓரிடத்திலும் காணவில்லை. பிஜித் தீவுக்குப் போன இந்தியர்கள் அக்ரிமென்ட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கு ஏற்ப கிர்மிட் என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் முன்னோரைக் கிர்மிட்டியர் என்று பெருமையோடு அழைக்கிறார்கள். சஞ்சி நம்மவர் நாவில் நின்ற சொல். அந்தச் சொல்லை உச்சரித்தவர்கள் பட்டது என்ன என்பது அதன் ஒலியிலேயே தங்கியிருக்கிறது. அதை நாம் கைவிட்டுவிட்டு, பாடநூலில் எழுதுவதுபோல ஒப்பந்தம் என்று மட்டும் எழுதினால், அடுத்த தலைமுறைக்கு அந்த ஒலியும் போய்ச் சேராது.

ஆகவே இரண்டாம் பலகைக்கு ஒரு மாற்று வாசகத்தை உங்கள் பரிசீலனைக்குத் தருகிறேன்: “இண்டென்ச்சர் என்ற ஆங்கிலச் சொல், பல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உடன்பாட்டை ஒரே தோல் தாளில் இருமுறை எழுதி, பற்கள்போல் வெட்டிப் பிரித்து, இரு தரப்பாரும் ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்ட பத்திரத்துக்கு அப்பெயர் வழங்கியது. தோட்டத் தமிழர் ஒப்பந்தக் கூலி முறையைச் சஞ்சி என்றனர். 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் பலர் இம்முறையில் வந்தனர். மலாயாவுக்கு இம்முறையில் ஆள் எடுப்பது 1910-இல் நின்றது. கங்காணி வழியாகவும் தாமாகவும் வந்தவர்களின் வரலாற்றை அடுத்த பலகையில் காண்க.” நீளம் மிகுந்தால் கடைசி வரியைச் சுருக்குங்கள், பல்லையும் சஞ்சியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பலகைக்குக் கீழே, பிள்ளைகள் கைவைத்துப் பார்க்கும்படியாக, கெட்டித் தாளில் இரண்டு முறை எழுதிப் பல்லாக வெட்டிய ஒரு மாதிரியை வைக்க முடியுமா என்று கேட்கிறேன். நடுவில் வெட்டுகிற சொல்லாகக் கையெழுத்து என்பதையே தமிழில் எழுதலாம். பாதிகளைச் சேர்த்தால் அச்சொல் கூடிவரட்டும். செலவு பெரிதாக ஆகாது. ஒரு பாதியை மேசையில் ஆணியடித்து நிறுத்தி, மறுபாதியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் தொலையாது.

எங்கள் வீட்டில் பாட்டனார் வந்த காலத்துத் தாள் எதுவும் இல்லை. கப்பல் சீட்டு இல்லை, கங்காணி எழுதிய கணக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தவரையில் பல வீடுகளில் இதே நிலைதான். பழைய பெட்டியில் ஒரு துண்டாவது வைத்திருப்பவர்கள் ஊரில் இருந்தால், அது கைநாட்டு வைத்த சீட்டாக இருந்தாலும் சரி, கிழிந்த செக்ரோல் பக்கமாக இருந்தாலும் சரி, அதை வாங்கிக்கொள்ளாமல் படி மட்டும் எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டாரிடமே திருப்பிக்கொடுக்குமாறு குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த படியில் ஒன்று காட்சியறையிலும் இன்னொன்று வேறோர் இடத்திலும் இருக்கட்டும். மூன்று இடங்களில் இருப்பதன் பயனை மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்த மாணவியின் பெற்றோரைக் குழுவில் யாராவது அறிந்திருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் மாதிரிப் பத்திரத்தை முதலில் வெட்டுகிறவள் அவளாக இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவளுடைய பாட்டியையும் அழைத்துவந்தால் நன்றாக இருக்கும்.

என்னிடம் எழுதப்படாமல் எஞ்சிப்போன பழைய இண்டென்ட் புத்தகம் ஒன்று இருக்கிறது. கடைசி பதினொரு சீட்டுகள் அடிக்கட்டையோடு அப்படியே உள்ளன. தோட்டம் மூடிய பிறகு குப்பைக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்சியறைக்குத் தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுங்கள், அதன் அடிக்கட்டையைக் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராணி,
நிபோங் திபால்.